உமிச்சாம்பலும் ஒரு லேப்டாப்பும்: பேட்டரிப் பொருளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருஷம் படிக்கிறார். கேள்வியின் சாரம் இது: “புதுப் பேட்டரிப் பொருட்களைக் கம்ப்யூட்டரிலேயே கண்டுபிடிக்கிறார்களாமே, நிஜமா? எங்கள் கல்லூரியில் அதற்கெல்லாம் ஆய்வகம் கிடையாது. என்னிடம் ஒரு லேப்டாப் இருக்கிறது. எங்கள் ஊர் ரைஸ் மில் வாசலில் உமிச்சாம்பல் மலையாகக் குவிந்து கிடக்கிறது, அதில் சிலிக்கான் உண்டு என்று படித்தேன். இந்த இரண்டையும் வைத்து ஏதாவது செய்ய முடியுமா?”

முடியும் தம்பி. பதினைந்து வருஷமாக நான் போட்டுக்கொண்டிருப்பது இந்தக் கணக்குகளைத்தான். ஆனால் “கண்டுபிடிக்கிறார்கள்” என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சேர்மத்தைச் சூளையில் வைத்துச் செய்து, அரைத்து, செல்லில் பூசி, நூறு தடவை சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். கம்ப்யூட்டர் செய்யும் பெரிய உபகாரம், ஆயிரம் சேர்மங்களில் எந்தத் தொள்ளாயிரத்தைத் தொடவே வேண்டாம் என்று சூளையைப் பற்றவைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது. எந்த ஆயிரத்தை அதன் முன் வைப்பது என்பது உங்கள் மூளையிலிருந்து வரவேண்டும். அங்கேதான் உங்கள் ஊர்ச் சாம்பலுக்கு மதிப்பு.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஷ்ரோடிங்கர் 1926-லேயே சமன்பாட்டைத் தந்துவிட்டார். ஆனால் நூறு எலெக்ட்ரான் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும்போது அதை நேரடியாகத் தீர்க்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. 1964-ல் ஹோஹன்பெர்க்கும் கோனும், அடுத்த வருஷம் கோனும் ஷாமும் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு எலெக்ட்ரானையும் துரத்த வேண்டாம். எந்த இடத்தில் எலெக்ட்ரான் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மொத்த ஆற்றல் அதிலிருந்தே வந்துவிடும். இதுதான் டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி, சுருக்கமாக டி.எஃப்.டி. வால்டர் கோனுக்கு 1998-ல் வேதியியல் நோபல் இதற்காகத்தான் கிடைத்தது. அணுக்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், அது ஒரே ஒரு எண்ணைத் திருப்பித் தரும்: அந்த அமைப்பின் மொத்த ஆற்றல்.

அந்த ஒரு எண்ணை வைத்து என்ன செய்வது என்று தோன்றும். பேட்டரியின் வோல்டேஜையே எடுத்துவிடலாம். பேட்டரியின் நேர்முனையான கேத்தோடின் பொருளில் லித்தியம் இருக்கும்போது ஆற்றல் எவ்வளவு, லித்தியத்தை எடுத்த பிறகு எவ்வளவு, தனி லித்தியம் உலோகத்துக்கு எவ்வளவு என்று மூன்று கணக்கு. கழித்து, லித்தியத்தின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வோல்டேஜ். பள்ளிக்கூடக் கழித்தல்தான், ஆனால் அது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அப்போது எம்.ஐ.டி.யில் இருந்த கெர்பிராண்ட் சீடரின் குழு, செல்போன் பேட்டரிகளில் இருக்கும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை எடுத்துக்கொண்டது. லித்தியம் உள்ளே வரும்போது அதன் எலெக்ட்ரானைக் கோபால்ட்தான் வாங்கிக்கொள்ளும் என்பது பாடப்புத்தக நம்பிக்கை. கணக்கோ, அதில் பெரும்பங்கு ஆக்சிஜனுக்குப் போகிறது என்றது. அப்படியானால் எலெக்ட்ரானை வாங்கவே வாங்காத அலுமினியத்தைக் கோபால்ட் இருந்த சில இடங்களில் வைத்தால், ஆக்சிஜன் இன்னும் அதிகமாக வாங்கும், வோல்டேஜ் ஏறும். அலுமினியத்தைப் போய்க் கேத்தோடில் போடுவதா என்று அனுபவசாலிகள் கேட்டிருப்பார்கள். செய்து பார்த்தார்கள், ஏறியது. 1998-ல் வெளியான வேலை அது. ஒரு பொருளைப் பற்றி நாம் வைத்திருந்த எண்ணத்தையே கணக்கு மாற்றியது என்பதால் எனக்கு இது இன்னமும் பிடித்த உதாரணம்.

வோல்டேஜ் மட்டும் போதாது, அயனி ஓட வேண்டும். ஒரு லித்தியமோ சோடியமோ ஒரு குழியிலிருந்து பக்கத்துக் குழிக்குத் தாவும்போது நடுவில் ஆக்சிஜன் அணுக்களின் இடுக்கு ஒன்று வரும். மதகில் தண்ணீர் நெருக்கிப் போவதுபோல அந்த இடத்தில் ஆற்றல் மேலே ஏறும். அந்தப் பாதையில் ஏழெட்டு இடத்தில் அயனியை நிறுத்தி ஒவ்வொரு இடத்திலும் ஆற்றலைக் கணக்கிட்டால் மேடு எவ்வளவு உயரம் என்று தெரிந்துவிடும். ஒரு பொருளில் மேடு 0.3 எலெக்ட்ரான்-வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), இன்னொன்றில் 0.6 என்று வையுங்கள். இரண்டு மடங்குதானே என்று விட்டுவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில், 27 டிகிரியில், சூட்டின் உதறலில் அயனி மேடேறும் வாய்ப்பைச் சொல்லும் போல்ட்ஸ்மன் காரணியைப் போட்டுப் பாருங்கள்: அயனி தாவும் வேகம் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு குறையும். முதலாவது பேட்டரி, இரண்டாவது வெறும் கல். இதிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. மேட்டின் உயரத்தில் 0.05 தவறினால்கூட வேகம் ஏழு மடங்கு மாறிவிடும், டி.எஃப்.டி.யின் பிழை தாராளமாக அந்த அளவுக்கு வரும். அதனால் “இது அதைவிட நன்றாக ஓடும்” என்று ஒப்பிட்டுச் சொல்ல இதை நம்பலாம். “சரியாக இத்தனை வேகத்தில் ஓடும்” என்று சத்தியம் செய்ய முடியாது.

இப்போது உங்கள் சாம்பலுக்கு வருகிறேன்.

ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் 40 கிலோ அளவுக்குச் சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு சிலிக்கா, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். நெற்பயிர் வயல் தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை வேரால் உறிஞ்சி, உமியின் தோலில் நுண்ணிய துகள்களாகப் படியவைக்கிறது. அடுத்த தடவை மில்லுக்குப் போகும்போது ஒரு சிட்டிகை சாம்பலை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நிறைய துணுக்குகள் உமியின் வடிவத்திலேயே, படகுபோல் வளைந்து, மேலே வரிவரியாக இருக்கும். கரி எரிந்துபோன பிறகு சிலிக்காவின் எலும்புக்கூடு மட்டும் நிற்கிறது. விரலால் தேய்த்தால் பொடிந்துவிடும்.

இதிலிருந்து சிலிக்கான் எடுத்து பேட்டரியின் எதிர்முனையான ஆனோடில் வைக்க ஏன் இத்தனை ஆசை? இப்போது ஆனோடில் இருக்கும் கிராஃபைட், ஒரு கிராமுக்கு அதிகபட்சம் 372 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டம் பிடிக்கும். சிலிக்கான் கிட்டத்தட்ட 3,600 பிடிக்கும். ஆனால் லித்தியம் உள்ளே போனால் சிலிக்கான் அரிசி சோறாவதுபோல் உப்பும், பருமன் ஏறத்தாழ நான்கு மடங்காகும். வெளியே எடுத்தால் சுருங்கும். இப்படி உப்பிச் சுருங்கி நாலு தடவையில் வெடித்துத் தூளாகிவிடும். துகள் 150 நானோமீட்டருக்கும் சின்னதாக இருந்தால் வெடிப்பதில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆலையில் அவ்வளவு சின்னதாகச் செய்யச் செலவு அதிகம். நெற்பயிர் அதைச் சும்மா செய்து தருகிறது. 2013-ல் ஸ்டான்ஃபோர்ட் குழு ஒன்று உமியின் சிலிக்காவை மக்னீசியத்தோடு சூடாக்கி, அந்த நுண்ணமைப்பு கலையாமல் சிலிக்கானாக மாற்றி, பேட்டரியில் வைத்து ஓட்டியே காட்டியது.

அப்படியென்றால் மில் வாசல் சாம்பலை அள்ளி வந்துவிடலாமா? கூடாது. இரண்டு சிக்கல் இருக்கிறது. பாய்லர் அடுப்பில் சூடு 800 டிகிரியைத் தாண்டினால் ஒழுங்கற்ற சிலிக்கா படிகமாக மாறத் தொடங்கும், நுண்துளைகள் அடைபடும். இரண்டாவது பொட்டாசியம். நாம் வயலுக்குப் போடும் பொட்டாஷிலிருந்தும் மண்ணிலிருந்தும் அது உமிக்குள் ஏறியிருக்கும். சூட்டில் அது சிலிக்காவின் மேற்பரப்பைச் சீக்கிரமே இளகவைத்து, எரியாத கரியை உள்ளே வைத்து மூடிவிடும். மில் சாம்பல் கறுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எரிப்பதற்கு முன் உமியை நீர்த்த அமிலத்தில் அலசினால் பொட்டாசியம் போய்விடும், சாம்பல் வெள்ளையாக வரும். இதைச் செய்ய உங்கள் கல்லூரி வேதியியல் துறையில் இருக்கும் மஃபிள் உலையே போதும்.

பாய்லர் எத்தனை டிகிரியில் எரிந்தது, அந்த நெல் எந்த வயலில் விளைந்தது என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆனால் “சிலிக்கா வலைப்பின்னலுக்குள் பொட்டாசியம் எங்கே உட்காருகிறது, எந்தப் பிணைப்பை அறுக்கிறது, எத்தனை பங்கு இருந்தால் இளகல் தொடங்குகிறது” என்று நீங்கள் கேட்டால் பதில் சொல்லும். இதற்கு டி.எஃப்.டி. வேண்டாம், அணுக்களை நியூட்டன் விதிப்படி நகரவிடும் மாலிக்குலர் டைனமிக்ஸ் போதும். அந்தக் கலைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மான். 1964-ல் 864 ஆர்கான் அணுக்களைக் கணினியில் ஓடவிட்டு, திரவம் என்பது எப்படி அசைகிறது என்று காட்டினார். இன்று உங்கள் லேப்டாப்பில் பல்லாயிரம் அணுக்களை ஓட்டலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: ஒழுங்கற்ற சிலிக்காவைக் கணினியில் செய்ய, அதை உருக்கிச் சட்டென்று குளிரவைப்பார்கள். அந்தக் குளிர்ச்சியின் வேகம் நொடிக்கு லட்சம் கோடி டிகிரி அளவில் இருக்கும். எந்த அடுப்பிலும் நடக்காத வேகம். கிடைக்கும் கண்ணாடி அசலைவிடக் கொஞ்சம் ஒழுங்கு கெட்டதாகத்தான் இருக்கும் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சிலிக்காவை விட்டுவிட்டு உமியின் கரியைப் பாருங்கள் என்றும் சொல்வேன். என் ஆசை அந்தப் பக்கம்தான். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறிய பிறகு வேதாரண்யம் பக்கம் எத்தனையோ கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. குடிதண்ணீர் மோட்டாருக்கு ஜெனரேட்டர் தேடி அலைந்தோம். அதே வேதாரண்யத்தில்தான் உப்பளம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. உப்பில் இருப்பது சோடியம். லித்தியம்போல் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. சோடியம்-அயனி பேட்டரி கொஞ்சம் கனமாக இருக்கும், வண்டிக்கு அது குறை. பம்ப்செட் கொட்டகையிலும் பள்ளிக்கூடத்து மூலையிலும் வைக்கும் பேட்டரிக்குக் கனம் ஒரு குறையே இல்லை.

ஆனால் சோடியம் கிராஃபைட்டுக்குள் போகாது. ஏன் என்று கேட்டால், “சோடியம் அயனி லித்தியத்தைவிடப் பெரியது, அடுக்குகளுக்கு நடுவே நுழையாது” என்று நானே பல வருஷம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, “பொட்டாசியம் இன்னும் பெரிசாச்சே சார், அது மட்டும் எப்படிப் போகுது?” என்றாள். நியாயமான கேள்வி. பொட்டாசியம் கிராஃபைட்டுக்குள் தாராளமாகப் போகிறது. டி.எஃப்.டி. கணக்குகள் சொன்ன பதில் இது: அடுக்குகளை விரிக்கும் செலவு மட்டும் விஷயமில்லை, உள்ளே வந்த அணு கரியோடு எவ்வளவு பலமாகப் பிணைகிறது என்பதும் சேர்ந்ததுதான் வரவு-செலவு. கார உலோகங்களில் சோடியத்தின் பிணைப்பு மிக பலவீனம், அதனால் கணக்கு நஷ்டத்தில் முடிகிறது. அந்த மாணவியின் கேள்வியும் இந்தக் கணக்கும் என் பாடத்தையே திருத்தின.

கிராஃபைட் ஆகாவிட்டால் ஒழுங்கில்லாத ‘ஹார்டு கார்பன்’ ஆகும். காற்றில்லாமல் உமியைச் சூடாக்கினால் கிடைப்பது அந்த வகைக் கரிதான். காரத்தில் கழுவினால் சிலிக்கா கரைந்து போய், அது இருந்த இடமெல்லாம் துளையாகும். கணினிக்கு இது கடினமான பாடம். படிகம் என்றால் ஒரு சின்னக் கட்டத்தை வரைந்து திரும்பத் திரும்ப அடுக்கிவிடலாம். இந்தக் கரிக்கு அப்படி ஒரு கட்டம் கிடையாது. கடினம் என்பதாலேயே அங்கே இன்னும் வேலை மிச்சமிருக்கிறது.

நம் வயலோடு இன்னொரு தொடர்பும் இருக்கிறது, ஹைட்ரஜன் பக்கம். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கப் பிளாட்டினம்போல் நல்ல வினையூக்கி இல்லை, விலையோ எட்டாது. டென்மார்க்கில் நோர்ஸ்கோவின் குழு, நல்ல வினையூக்கிக்கு ஒரு அடையாளம் கண்டுபிடித்தது: ஹைட்ரஜன் அணு அதன்மேல் ரொம்ப ஒட்டவும் கூடாது, ஒட்டாமலும் போகக் கூடாது, ஒட்டும் ஆற்றல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பிளாட்டினம் அப்படித்தான் இருக்கிறது. பிறகு இயற்கையின் பக்கம் திரும்பி, காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரஜனேஸ் என்சைமைக் கணக்கிட்டார்கள். நாற்று நட்ட வயலில் நீங்கள் மிதக்கவிடும் அசோலாவின் இலைக்குழிக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசியிடம் இருப்பதும் இதே என்சைம்தான். ஒவ்வொரு நைட்ரஜன் மூலக்கூறுக்கும் குறைந்தது ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறை அது சும்மா வெளியே விட்டுவிடும். அதன் நடுவில் இருக்கும் மாலிப்டினம்-இரும்பு-கந்தகக் கொத்திலும் ஒட்டும் ஆற்றல் பூஜ்யத்துக்குப் பக்கம் என்று வந்தது. அதே சாயலில் வேறு என்ன உண்டு என்று தேடியபோது மாலிப்டினம் டைசல்ஃபைடின் விளிம்பு அகப்பட்டது. வண்டிச் சக்கரத்துக்கு மசகாகப் போடும் சாதாரணப் பொருள், அதன் தட்டையான பரப்பு எதற்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்டது. 2005-ல் கணக்கும் சோதனையும் சேர்ந்து வெளிவந்தன. 2007-ல் விளிம்புதான் வேலை செய்கிறது என்று அளந்தே காட்டினார்கள். இன்றும் பிளாட்டினம் ஒரு படி மேலேதான். ஆனால் ஒதுக்கிவைத்த பொருளின் ஓரத்தில் விஷயம் இருக்கிறது என்று காட்டியது கணக்குதான்.

2023 நவம்பரில் வந்த செய்தியைப் படித்திருப்பீர்கள்: கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் 22 லட்சம் புதுப் படிகங்களைக் கணித்தது, அதில் 3 லட்சத்து 80 ஆயிரம் நிலையானவை. அதே வாரத்தில், பெர்க்லியில் ரோபோக்கள் நடத்தும் ஆய்வகம் 17 நாளில் 58 இலக்குகளில் 41 சேர்மங்களைச் செய்ததாக இன்னொரு கட்டுரை. இரண்டுமே பெரிய உழைப்பு. ஆனால் நிபுணர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தபோது, முதலாவதில் நிறைய ஏற்கெனவே தெரிந்தவற்றின் சின்ன மாற்றங்கள் என்றார்கள். இரண்டாவதில், அணுக்கள் இடம் மாறிக் கலந்துகிடக்கும் பழைய சேர்மங்களையே ஒழுங்கான புதுச் சேர்மங்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று எழுதினார்கள். காரணம் புரிந்துகொள்ள வேண்டியது. ‘நிலையானது’ என்றால், பக்கத்துச் சேர்மங்களாகப் பிரிந்துபோவதைவிட இதற்கு ஆற்றல் குறைவு, அதுவும் பூஜ்யம் கெல்வினில், அதாவது மைனஸ் 273 டிகிரியில். களத்தில் நெல் தூற்றும்போது காற்று பதரை மட்டும் பறக்கடிக்கிறது, காலடியில் விழுந்த மணி சோறாக நன்றாக வேகுமா என்று காற்றுக்குத் தெரியாது. அந்த 3 லட்சத்து 80 ஆயிரமும் தூற்றி விழுந்த குவியல். எதைச் செய்ய முடியும், எது பயன்படும் என்பது அடுத்த வேலை.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு மூன்று வாரம் மிச்சமாகும். ஒரு சோடியம் சேர்மத்தில் அயனி தாண்ட வேண்டிய மேடு 0.15 எலெக்ட்ரான்-வோல்ட் என்று எனக்கு வந்தது. தூக்கமே வரவில்லை, கட்டுரை எழுதவே உட்கார்ந்துவிட்டேன். பிறகு கட்டத்தை இரண்டு மடங்காக்கி மறுபடி ஓட்டினேன், 0.41 வந்தது. முதலில் எடுத்த கட்டம் மிகச் சின்னது. கட்டம் திரும்பத் திரும்ப அடுக்கப்படுவதால் அயனி தன் பிம்பத்தையே பக்கத்துக் கட்டத்தில் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் அளந்தது அந்தப் பொருளை இல்லை, என் கட்டத்தின் அளவை. அன்றிலிருந்து பெரிய கட்டத்தில் ஒருமுறை பார்க்காமல் எந்த எண்ணையும் யாரிடமும் சொல்வதில்லை.

நீங்கள் எங்கே தொடங்குவது? டி.எஃப்.டி. கணக்குப் போடும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற மென்பொருள் இலவசம், உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு நிறுவுங்கள். முதல் மாதம் சிலிக்கானைத் தவிர எதையும் தொடாதீர்கள். இரண்டு அணுக் கட்டம், நிமிடத்தில் முடியும். பி.பி.இ. என்ற வழக்கமான தோராயத்தில், சிலிக்கானின் கனசதுரக் கட்டத்துக்கு நீளம் 5.47 ஆங்ஸ்ட்ராம் வரும், அசல் 5.43. மகிழ்ச்சியாக இருக்கும். பேண்ட் இடைவெளியை, அதாவது எலெக்ட்ரான் மின்சாரமாக ஓடத் தாண்ட வேண்டிய ஆற்றலைப் பாருங்கள், 0.6 எலெக்ட்ரான்-வோல்ட் அளவில் வரும். அசல் 1.1. இந்த முறை எதில் நம்பகமானது, எதில் கைவிடும் என்பது அந்த ஒரு மாலையிலேயே உங்கள் கையால் தெரிந்துவிடும். அணுக்களைக் கூட்டக் கூட்ட நேரம் வேகமாக ஏறுவதையும் அப்போதே பார்த்துவிடுவீர்கள், பெரிய கட்டங்களில் அணுக்களை இரண்டு மடங்காக்கினால் நேரம் எட்டு மடங்கு வரை ஏறும். ராத்திரி ஓட்டும்போது இடையிடையே கோப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அடுத்தது மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களின் கணக்கு முடிவுகளை 2011 முதல் எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறார்கள். அதில் பழகிய ‘மேஸ்’, ‘சி.எச்.ஜி.நெட்’ போன்ற இயந்திரக்கற்றல் மாதிரிகள், டி.எஃப்.டி.க்கு நாள்கணக்கு ஆகும் வேலையை லேப்டாப்பில் நிமிடங்களில் தோராயமாகச் செய்துதரும். உமிக்கரிபோல ஒழுங்கில்லாத பொருளைத் தொட இன்று நம் கையில் இருக்கும் நல்ல வழி இதுதான். பெரிய ஓட்டங்கள் தேவைப்பட்டால், திருச்சி என்.ஐ.டி.யில் 2022-ல் தொடங்கிய ‘பரம் பொருள்’ சூப்பர்கம்ப்யூட்டர் இருக்கிறது, 838 டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. செல் செய்து அளப்பதற்குக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உங்களுக்குத் தூரமில்லை. ஆனால் அங்கெல்லாம் போய்க் கதவைத் தட்டும்போது கையில் ஒரு தெளிவான கேள்வி இருக்க வேண்டும்.

கேள்வி எப்படிப் பிறக்கும் என்பதற்கு நம்மவர் ஒருவரைச் சொல்கிறேன். தென்தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களின் இறுதியில் லித்தியம் பேட்டரி முன்னோடி ஜான் குட்இனஃபோடு சேர்ந்து ஒரே அமைப்புள்ள இரண்டு இரும்புச் சேர்மங்களை ஒப்பிட்டார். மாலிப்டேட் 3.0 வோல்ட் கொடுத்தது, சல்ஃபேட் 3.6 கொடுத்தது. இரும்பு அதே இரும்பு, சுற்றி இருப்பது மட்டும் வேறு. கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் பலமாக இழுப்பதால் இரும்பின் பிடி தளர்ந்து வோல்டேஜ் ஏறுகிறது என்று விளக்கினார்கள். இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளுக்கு வழி திறந்தது அந்தப் புரிதல். 2019-ல் குட்இனஃபின் நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக வாசித்தவரும் மந்திரம்தான்.

ஆகவே இந்த வாரம் மில்லுக்குப் போங்கள். அடுப்பின் வாயிலிருந்து ஒரு பொட்டலம், வெளிக்குவியலிலிருந்து ஒரு பொட்டலம், எரிக்காத உமி ஒரு பை. பாய்லர் பார்க்கும் அண்ணனிடம் அடுப்பு எந்த நேரத்தில் எப்படி எரிகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பையின்மேல் தேதியும், நெல் குறுவையா சம்பாவா என்பதும், எந்த ஊரிலிருந்து வந்தது என்பதும் இருக்கட்டும். உமியில் பாதியை நீர்த்த அமிலத்தில் அலசி, இரண்டு பாதியையும் 600 டிகிரியில் தனித்தனியாக எரித்து, நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். உள்ளீட்டுக் கோப்பை எப்படி எழுதுவது என்று அதை வைத்துப் பேசலாம்.